எழும் நேரம் யாருடையது? முதியோர் இல்ல வாழ்வும் முழுமையான பராமரிப்பும்

முதியவர் ஒருவருக்காக இல்லம் தேடும் குடும்பத்தினர் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் சில உண்டு. மருத்துவர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருவார், இரவில் செவிலியர் இருப்பாரா, அறையில் எத்தனை படுக்கைகள், குளியலறையில் பிடிமானக் கம்பி இருக்கிறதா, அவசரமென்றால் ஆம்புலன்ஸ் வர எவ்வளவு நேரமாகும் என்றெல்லாம் கேட்பார்கள். எல்லாமே கேட்க வேண்டியவைதாம். ஆனால் அங்கே வாழப் போகிறவரின் அன்றாடத்தை வேறு எதையும்விட அதிகமாகத் தீர்மானிக்கும் கேள்வி ஒன்று பெரும்பாலும் கேட்கப்படாமலே போய்விடுகிறது: காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருப்பது என்பதை அந்த இல்லத்தில் யார் முடிவு செய்கிறார்கள்?

கேள்வி அற்பமாகத் தோன்றலாம். ஐம்பது பேர் வாழும் ஓர் இல்லத்தில் காலை ஆறு மணிக்கு ஆறு பராமரிப்பாளர்கள் வேலையைத் தொடங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். எட்டு மணிக்குள் அனைவரையும் எழுப்பி, கழிப்பறைக்கு அழைத்துச் சென்று, குளிப்பாட்டி, உடை மாற்றி, சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார வைத்தாக வேண்டும். கணக்குப் போட்டால் ஒருவருக்குக் கிடைப்பது பதினைந்து நிமிடம்கூட இல்லை. சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொள்ளக்கூடிய, ஆனால் அதற்கு ஐந்து நிமிடம் எடுத்துக்கொள்ளும் ஒரு முதியவருக்கு, பராமரிப்பாளரே அரை நிமிடத்தில் போட்டுவிடுகிறார். அன்பில்லாமல் அப்படிச் செய்வதில்லை. அடுத்த அறையில் மணி அடித்துக்கொண்டிருக்கிறது. சில மாதங்கள் இப்படியே சென்றால் அந்த விரல்கள் பொத்தான் போடும் பழக்கத்தை இழந்துவிடுகின்றன. அடுத்த மதிப்பீட்டில் ‘உடை அணிய முழு உதவி தேவை’ என்று குறிக்கிறார்கள். முதுமை பறித்துக்கொண்டதாக ஆவணத்தில் பதிவாகும் அந்தத் திறனை உண்மையில் பறித்தது கால அட்டவணைதான்.

‘முழுமையான பராமரிப்பு’ என்ற சொற்றொடரை இன்று ஏறக்குறைய எல்லா இல்லங்களின் அறிமுகத்திலும் காணலாம். உடற்பயிற்சி, இசை, தோட்டம், தியான அறை, பிசியோதெரபி என்று வசதிகளின் பட்டியலாகவே அதைப் பலரும் விளக்குகிறார்கள். இவற்றில் எதையும் நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் வசதிகளைக் கூட்டிக்கொண்டே போவதால் முழுமை வந்துவிடுவதில்லை என்பதை, இத்துறையின் கடந்த எண்பது தொண்ணூறு ஆண்டுக் கால அனுபவம் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கிறது. வாழ்பவரின் நாள் அவர் கையில் இருக்கிறதா, அவரால் இன்னமும் பிறருக்கு ஏதாவது கொடுக்க முடிகிறதா என்ற இரண்டு இடங்களில்தான் ஓர் இல்லத்தின் முழுமை சோதிக்கப்படுகிறது என்று நான் நினைக்கிறேன். அந்த அனுபவம் என்ன சொல்கிறது என்பதைச் சற்று விரிவாகப் பார்க்கலாம்.

ஏழைவிடுதியும் மருத்துவமனையும்

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2020-இல் உலகில் 60 வயதை எட்டியவர்களும் கடந்தவர்களும் 100 கோடிப் பேர். 2030-இல் ஆறு பேரில் ஒருவர் அந்த வயதினராக இருப்பார். 2050-இல் அந்த எண்ணிக்கை 210 கோடியாகும். பராமரிப்பைப் பொறுத்தவரை இன்னும் முக்கியமான எண் வேறொன்று: 80 வயதை எட்டியவர்களும் கடந்தவர்களும் 2020-க்கும் 2050-க்கும் இடையே மூன்று மடங்காகி 42.6 கோடியாவார்கள். அந்த வயதில் ஒரே நோயோடு வாழ்பவர்கள் குறைவு. மூட்டுவலி, சர்க்கரை நோய், இதயக் கோளாறு, பார்வைக் குறைவு, மறதி என்று இரண்டு மூன்று சேர்ந்தே இருக்கும். அவர்களைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகளுக்கும் வயதாகியிருக்கும். எண்பத்தைந்து வயதுத் தாயை அறுபது வயது மகள், தானும் முதுகுவலியோடு, இரவில் மூன்று முறை தூக்கி உட்கார வைக்கும் வீடுகள் எத்தனையோ. இல்லத்தில் சேர்ப்பதைக் கைவிடுதல் என்று ஒரே சொல்லில் தீர்ப்பளிப்பவர்கள் அந்த மூன்று இரவு நேரங்களையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இன்றைய உறைவிடப் பராமரிப்பு இல்லத்துக்கு மூதாதையர் இருவர். ஆதரவற்ற ஏழைகளை ஒரே கூரையின் கீழ் அடைத்துவைத்த ஏழைவிடுதி ஒன்று, மருத்துவமனை மற்றொன்று. ஒழுங்கு விதிகளும், ‘கிடைத்ததே பெரிது’ என்று இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் முதலாவதிலிருந்து வந்தவை. நீண்ட நடைகூடம், வரிசைக் கட்டில்கள், பணிநேர மாற்றம், பார்வையாளர் நேரம், கட்டில் எண்ணைச் சொல்லி ஆளைக் குறிப்பிடும் வழக்கம் ஆகியவை இரண்டாவதிலிருந்து வந்தவை. ஆனால் மருத்துவமனைக்குச் செல்பவர் குணமாகி வீடு திரும்புவதற்காகச் செல்கிறார்; அங்குள்ள கட்டுப்பாடுகளைச் சில நாள் பொறுத்துக்கொள்வதில் பெரிய இழப்பில்லை. அதே கட்டுப்பாடுகள் ஒருவரின் கடைசி எட்டு ஆண்டுகளுக்கும் நீளும்போது அவற்றின் தன்மையே மாறிவிடுகிறது.

இந்த மரபிலிருந்து விலகிய முதல் முயற்சிகளில் ஒன்று 1935-இல் லண்டனின் மேற்குப் பகுதியில் நடந்தது. வெஸ்ட் மிடில்செக்ஸ் மருத்துவமனை தன்னருகே இருந்த ஏழைவிடுதியின் நோயாளர் பிரிவைப் பொறுப்பேற்றுக்கொண்டபோது, அங்கிருந்த எழுநூற்றுக்கும் மேற்பட்டோரைப் பார்க்கும் பணி மார்ஜரி வாரன் என்ற மருத்துவரிடம் வந்தது. தீராத நோயாளிகள் என்று முத்திரை குத்தப்பட்டு, ஆண்டுக்கணக்கில் படுக்கையிலேயே விடப்பட்டிருந்தவர்கள் அவர்கள். வாரன் ஒவ்வொருவரையும் தனித்தனியே பரிசோதித்து, யாருக்குச் சிகிச்சை வேண்டும், யாருக்கு நடைப்பயிற்சி போதும், யாருக்கு வீடு கிடைத்தாலே போதும் என்று பிரித்தார். சுவர்களுக்கு வெளிச்சமான வண்ணம் பூசவும், எழுந்து உட்காரக்கூடியவர்களைப் படுக்கையிலிருந்து எழுப்பவும் செய்தார். பலர் எழுந்து நடந்தார்கள். கணிசமானோர் வீடு திரும்பினார்கள். முதியோர் மருத்துவம் தனித்துறையாக உருவெடுத்ததில் அந்தப் பணிக்குப் பெரும் பங்குண்டு. படுக்கையில் கிடந்ததற்கு நோயைவிடப் படுக்கையே காரணமாக இருந்தது என்பதுதான் வாரன் கண்ட உண்மை.

உடலை எழுப்பிவிட்டால் மட்டும் போதாது என்பதைச் சமூகவியலாளர்கள் காட்டினார்கள். பீட்டர் டவுன்சென்ட் 1950-களின் இறுதியில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 173 இல்லங்களுக்கு நேரில் சென்று, 1962-இல் தம் முடிவுகளை வெளியிட்டார். செய்வதற்கு வேலையில்லாமை, குடும்பத்தோடும் நண்பர்களோடும் தொடர்பு அறுதல், புதிய உறவுகள் வேர் பிடிக்காமை, தனிமை, அந்தரங்கம் இல்லாமை, தன்னைப் பற்றிய முடிவைத் தானே எடுக்கும் வலிமை தேய்தல் என்று அவர் கண்ட இழப்புகளைப் படிக்கும்போது, இவற்றில் ஒன்றுகூட மருத்துவக் குறிப்பேட்டில் இடம்பெறக்கூடியது இல்லையே என்பதுதான் முதலில் மனத்தில் படும். அதே காலத்தில் எர்விங் காஃப்மன் ‘முற்றுமுழு நிறுவனம்’ என்ற கருத்தை முன்வைத்தார். நாம் வீட்டில் உறங்குகிறோம், வேறிடத்தில் உழைக்கிறோம், மற்றோரிடத்தில் பொழுதுபோக்குகிறோம். இம்மூன்றும் ஒரே இடத்தில், ஒரே அதிகாரத்தின் கீழ், ஒரே கூட்டத்தோடு, ஒரே அட்டவணைப்படி நடக்கும் இடமே அவர் குறிப்பிட்ட நிறுவனம். நல்ல எண்ணத்தோடு நடத்தப்படும் இல்லமும் அந்த அமைப்புக்குள் எளிதில் விழுந்துவிடும்.

ஒரு விழுதலுக்குப் பின்னால்

உடல், மனம், உறவு, நம்பிக்கை ஆகியவை ஒன்றோடொன்று பின்னியவை என்ற வாக்கியத்தை எல்லோரும் ஒப்புக்கொள்கிறோம். அந்தப் பின்னல் நடைமுறையில் எப்படி இருக்கிறது என்பதை அறிய ஒரேயொரு நிகழ்வை எடுத்துக்கொள்வது நல்லது. உலகில் ஆண்டுதோறும் தவறி விழுவதால் சுமார் 6,84,000 பேர் இறக்கிறார்கள். அவர்களில் பெரும் பகுதியினர் முதியவர்கள். ஆகவே விழுதலையே எடுத்துக்கொள்வோம்.

எண்பத்திரண்டு வயது முதியவர் ஒருவர் இரவு இரண்டு மணிக்குக் கழிப்பறைக்குச் செல்லும் வழியில் விழுகிறார். ‘கால் வழுக்கி விழுந்தார்’ என்று அறிக்கையில் எழுதப்படுகிறது. பொறுமையாக விசாரித்தால் கதை வேறாக இருக்கும். இரத்த அழுத்தத்துக்காக அவர் உட்கொள்ளும் மாத்திரைகளில் ஒன்று சிறுநீரை அதிகமாக்கும்; அதை மாலையில் கொடுக்கிறார்கள். மற்றொரு மாத்திரையால், படுக்கையிலிருந்து சட்டென எழும்போது அழுத்தம் இறங்கித் தலை சுற்றுகிறது. தூக்கம் வரவில்லை என்று சொன்னதற்காகச் சென்ற மாதம் தூக்க மாத்திரை சேர்க்கப்பட்டது. தூக்கம் வராததற்குக் காரணம், பகல் முழுவதும் நாற்காலியில் கண்ணயர்ந்திருப்பது. கண்ணயர்வதற்குக் காரணம், பேச ஆளில்லை. பக்கத்தில் அமர்பவர் பேசுவது இவருக்குக் கேட்பதில்லை. காது கேட்கும் கருவியின் பேட்டரி தீர்ந்து மூன்று வாரமாகிறது, அதை மாற்றுவது யாருடைய வேலை என்பது எங்கும் எழுதப்படவில்லை. மணியை அடித்து உதவி கேட்டிருக்கலாமே என்றால், இரவுப் பணியில் இருப்பவரைத் தொந்தரவு செய்ய அவருக்குக் கூச்சம்.

இந்த விழுதலுக்குப் பின் வழக்கமாக நடப்பது என்ன? தனியாக நடக்கக் கூடாது என்று அறிவுறுத்தப்படுகிறது. அவருக்கும் பயம் வந்துவிடுகிறது. நாற்காலியிலேயே இருப்பதால் தொடைத் தசைகள் சில வாரங்களிலேயே மெலிகின்றன, பசி குறைகிறது, மலச்சிக்கல் வருகிறது, அதற்கொரு மருந்து சேர்கிறது. அடுத்த முறை எழுந்து நிற்கும்போது விழும் வாய்ப்பு முன்னைவிட அதிகமாகிறது. முழுமையான பார்வை என்பது இங்கே ஒரு தத்துவமாகத் தேவைப்படவில்லை. மாத்திரையின் நேரத்தை மாற்றுவதற்கு மருத்துவரும், தசைக்கு வலுவூட்டப் பிசியோதெரபிஸ்டும், பேட்டரியை மாற்றப் பராமரிப்பாளரும், கூச்சத்தைப் போக்க அவரோடு நன்கு பழகிய ஒருவரும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசினால் போதும். முதியோர் மருத்துவத்தில் ‘ஒருங்கிணைந்த மதிப்பீடு’ என்று சொல்வது சாராம்சத்தில் இதைத்தான். ஐந்துக்கும் மேற்பட்ட மருந்துகளை உட்கொள்பவரின் மருந்துப் பட்டியலைக் குறிப்பிட்ட இடைவெளியில் எடுத்துப் பார்த்து, இனித் தேவையில்லாததை நிறுத்துவது அதன் பயனுள்ள பகுதிகளில் ஒன்று. சேர்ப்பதற்குப் பலர் இருக்கிறார்கள். நிறுத்துவதற்குத்தான் ஒருவரைப் பொறுப்பாக்க வேண்டியிருக்கிறது.

இல்லங்கள் பயன்படுத்தும் மதிப்பீட்டுப் படிவங்களைப் பற்றியும் ஒரு சொல். சிட்னி காட்ஸும் அவருடைய குழுவினரும் 1963-இல் வெளியிட்ட அளவுகோல் குளித்தல், உடுத்தல், கழிப்பறை செல்லுதல், படுக்கையிலிருந்து எழுந்து இடம் மாறுதல், மலசலத்தை அடக்குதல், உண்ணுதல் என்னும் ஆறு செயல்களைக் கொண்டு ஒருவரின் சார்பு நிலையை அளக்கிறது. எளிமையானது, நம்பகமானது, இன்றும் புழக்கத்தில் உள்ளது. ஆனால் ஒருவரால் எது முடியவில்லை என்பதை மட்டுமே அது சொல்லும். எந்த வேலை பார்த்தார், யாரை இழந்தார், எந்தக் குரலைக் கேட்டால் முகம் மலரும், விளக்கை அணைத்துத் தூங்குபவரா, அணைக்காமல் தூங்குபவரா என்பதையெல்லாம் சொல்லும் ஒரு பக்கம் அந்தப் படிவத்தோடு சேர வேண்டும். நல்ல இல்லங்களில் அந்தப் பக்கம் கோப்புக்குள் முடங்கிக் கிடக்காமல், புதிதாகப் பணிக்கு வரும் பராமரிப்பாளர் முதல் நாளே படிப்பதாக இருக்கும்.

ஒரு செடியும் ஒரு கத்தரிக்கோலும்

தேர்வு செய்யும் உரிமை உடல்நலத்தையே பாதிக்குமா என்பதை ஆராய, எலன் லாங்கர், ஜூடித் ரோடின் என்னும் உளவியலாளர்கள் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஆர்டன் ஹவுஸ் என்ற இல்லத்தில் ஓர் ஆய்வு நடத்தி 1976-இல் வெளியிட்டார்கள். ஒரு தளத்தில் இருந்தவர்களிடம், அறையை எப்படி அமைப்பது, நேரத்தை எப்படிச் செலவிடுவது என்பதெல்லாம் உங்கள் பொறுப்பு என்று சொல்லி, விரும்பியவர்கள் ஒரு செடியைத் தாங்களே தேர்ந்தெடுத்து வளர்க்கலாம் என்றார்கள். மற்றொரு தளத்தில் இருந்தவர்களுக்கும் செடி கொடுத்தார்கள். ஆனால் ஊழியர்களே தண்ணீர் ஊற்றுவார்கள், உங்களை நன்றாகப் பார்த்துக்கொள்வது எங்கள் பொறுப்பு என்றார்கள். மூன்று வாரத்தில் முதல் குழுவினர் கூடுதல் சுறுசுறுப்போடும் மகிழ்ச்சியோடும் இருந்தார்கள். ஒன்றரை ஆண்டுக்குப் பின் பார்த்தபோது அவர்களில் இறந்தவர்களின் விகிதம் மற்றக் குழுவினருடையதில் பாதியாக இருந்தது. இந்த இறுதி முடிவைப் பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: இறப்பு எண்ணிக்கையின் கணக்கீட்டில் பிழை இருந்ததாக ஆய்வாளர்களே பின்னர் திருத்தம் வெளியிட்டார்கள், வேறுபாடு முதலில் தோன்றிய அளவுக்கு உறுதியானதாக இல்லை. குழுக்களும் சிறியவை. ஆகவே செடி ஆயுளைக் கூட்டும் என்று சொல்லிவிட முடியாது. பொறுப்பு ஒருவரின் உயிர்ப்பைக் கூட்டும் என்பதற்கு, இல்லங்களை அறிந்த யாருக்கும் பெரிய ஆய்வு தேவைப்படுவதில்லை.

நான் பழக நேர்ந்த ஓர் இல்லத்தில் இதை அருகிலிருந்து பார்த்தேன். வாழ்நாள் முழுவதும் தையல் வேலை செய்த மூதாட்டி ஒருவர் அங்கே வந்து சேர்ந்தார். வந்த அன்றே அவருடைய தையல் பெட்டியிலிருந்து கத்தரிக்கோலையும் ஊசிகளையும் பாதுகாப்புக் கருதி எடுத்து அலுவலக அறையில் வைத்துவிட்டார்கள். பெட்டி மட்டும் கட்டிலுக்கு அருகே இருந்தது. அதைத் திறந்து, நூல்கண்டுகளை எடுத்து வெளியே வைத்து, மீண்டும் உள்ளே அடுக்கிக்கொண்டிருப்பார். மதியக் கைவினை நேரத்தில் வண்ணத்தாள் ஒட்ட அழைத்தால் வரமாட்டார். ஒத்துழைப்பதில்லை என்று குறிப்பேட்டில் எழுதியிருந்தார்கள். இரண்டு மாதம் கழித்து, சலவை அறையில் வேலை பார்த்த பெண் ஒருத்தி, பிரிந்துபோன தலையணை உறை ஒன்றோடும் அந்தக் கத்தரிக்கோலோடும் அவர் முன்னால் போய் நின்று, “இதை எனக்குச் சரிசெய்து தர முடியுமா அம்மா?” என்று கேட்டாள். அவர் உறையை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துத் தையலைப் பார்த்தார். முதலில் தைத்தவரின் வேலையைக் குறை சொன்னார். பிறகு ஊசியைக் கேட்டார். அன்று முதல் சலவை அறையின் கிழிசல்கள் எல்லாம் அவரிடமே வந்தன. வேலை தாமதமானால் கேட்பதற்கு ஆள் வரும், அவரும் பதில் சொல்ல வேண்டும். நான் அங்கு சென்ற நாள்களில் மற்ற மூதாட்டிகள் இருவர் அவரருகே உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். கைவினை நேரத்தில் அமையாத கூட்டம் கிழிந்த உறையைச் சுற்றி அமைந்தது.

சமூக வாழ்வு என்பதை நிகழ்ச்சிகளாகவே திட்டமிடும் இல்லங்கள் இந்த இடத்தில்தான் தவறுகின்றன. பிறந்தநாள் கொண்டாட்டமும் பாட்டுக் கச்சேரியும் வேண்டும். ஆனால் அவற்றில் முதியவர் பார்வையாளர் மட்டுமே. பில் தாமஸ் என்ற மருத்துவர் 1991-இல் நியூயார்க் மாநிலத்தின் நியூ பெர்லின் ஊரில் உள்ள சேஸ் மெமோரியல் இல்லத்தில் பொறுப்பேற்றபோது, அங்கிருந்தவர்களை வாட்டுபவை தனிமை, சலிப்பு, கையறுநிலை என்ற மூன்றுதான் என்று கண்டார். கையறுநிலை என்று அவர் சொன்னதற்கு, யாருக்கும் எதையும் தர வாய்ப்பில்லாத நிலை என்று பொருள். எண்பது பேர் இருந்த அந்த இல்லத்துக்கு அவர் நாய்களையும் பூனைகளையும் நூறு பறவைகளையும் கொண்டுவந்தார். அறைதோறும் செடிகள் வைத்தார். ஊழியர்களின் குழந்தைகள் பள்ளி முடிந்ததும் அங்கே வந்து இருக்க வழி செய்தார். நடக்கவே முடியாதவர் என்று கருதப்பட்ட ஒருவர் நாயை நான் நடத்திச் செல்கிறேன் என்று முன்வந்ததைப் பற்றி அவர் பேசியிருக்கிறார். நெதர்லாந்தின் டெவெண்டர் நகரில் உள்ள ஹ்யூமனிட்டாஸ் இல்லம் வேறொரு வழியைக் கையாண்டது: மாணவர்கள் சிலருக்கு வாடகையில்லாமல் அறை கொடுத்து, அதற்குப் பதிலாக மாதம் 30 மணி நேரம் ‘நல்ல அண்டைவீட்டாராக’ இருக்கச் சொன்னது. இரவு தாமதமாக வரும் மாணவரைப் பற்றிக் கவலைப்படவும், மறுநாள் கேள்வி கேட்கவும், தேர்வு எப்படிப் போயிற்று என்று விசாரிக்கவும் அங்குள்ள முதியவர்களுக்கு ஆள் கிடைத்தது.

கூடி வாழ்வதில் சச்சரவும் உண்டு என்பதை மறைப்பது நேர்மையாகாது. சாப்பாட்டு மேசையில் இடம் பிடிப்பதும், தொலைக்காட்சி ஒலியும், யார் யாரோடு பேசுவதில்லை என்பதும் எந்த இல்லத்திலும் நடப்பவைதாம். இவற்றை ஊழியர்களே குறுக்கிட்டு உடனுக்குடன் தீர்த்துவைப்பது எளிது. குடியிருப்பவர்கள் மாதம் ஒருமுறை கூடிப் பேசி, தாங்களே தீர்ப்பது கடினம், ஆனால் மேலானது. எழுபது ஆண்டுகள் மனிதர்களோடு வாழ்ந்தவர்களுக்குச் சண்டை போடவும் சமாதானமாகவும் தெரியும்.

மறதியோடு வாழ்பவர்கள்

இல்லங்களில் வாழ்பவர்களில் பெரும் பகுதியினருக்கு ஏதோ ஓரளவில் மறதிநோய் இருக்கிறது. தன் நாளைத் தானே தீர்மானிப்பது என்று மேலே சொன்னதெல்லாம் இவர்களுக்கும் பொருந்துமா என்ற ஐயம் நியாயமானது. மறதிநோய் உள்ளவரின் நிலையைத் தீர்மானிப்பதில் மூளையின் சேதத்துக்கு மட்டுமல்லாமல், சுற்றியிருப்போர் நடத்தும் விதத்துக்கும் பங்குண்டு என்று பிரிட்டிஷ் உளவியலாளர் டாம் கிட்வுட் 1990-களில் வலியுறுத்தினார். நோயுள்ளவரின் முன்னிலையிலேயே அவரைப் பற்றி மூன்றாம் மனிதரிடம் பேசுவது, குழந்தைபோலக் கொஞ்சுவது, அவசரப்படுத்துவது, சொல்வதைப் பொருட்படுத்தாமல் இருப்பது ஆகியவற்றை அவர் பட்டியலிட்டார். இவை தீய எண்ணத்தால் நிகழ்வன அல்ல; ஆனால் ஒரு மனிதர் மனிதராக இருப்பதை அவை சிறிது சிறிதாக அரிக்கின்றன.

மாலை ஐந்து மணியானால் கைப்பையை எடுத்துக்கொண்டு, குழந்தைகள் பள்ளியிலிருந்து வந்துவிடுவார்கள், நான் வீட்டுக்குப் போக வேண்டும் என்று வாசலுக்கு வருபவரிடம், உங்கள் பிள்ளைகளுக்கு ஐம்பது வயதாகிவிட்டது என்று சொல்வதால் ஒரு பயனும் இல்லை. கதவைப் பூட்டினால் பதற்றம் கூடும். “பிள்ளைகள் வந்தால் முதலில் என்ன செய்வீர்கள்?” என்று கேட்டபடி அவரோடு சேர்ந்து நடப்பவர், அந்தச் சொற்களுக்குப் பின்னால் இருக்கும் பொறுப்புணர்வை மதிக்கிறார். பதற்றம் தானாகவே தணிவதைப் பல பராமரிப்பாளர்கள் அனுபவத்தில் அறிவார்கள். சொற்களால் தேர்வைச் சொல்ல இயலாதவர்களும் உடலால் சொல்கிறார்கள்: தட்டைத் தள்ளுவது, கையை இறுக்குவது, ஒருவரைக் கண்டதும் தோளைத் தளர்த்துவது எல்லாமே விடைகள்தாம்.

ஆம்ஸ்டர்டாமுக்கு அருகே வேஸ்ப் என்னும் ஊரில் 2009-இல் திறக்கப்பட்ட ஹோகவேக், கடுமையான மறதிநோய் உள்ளவர்களுக்காக ஒரு சிற்றூர்போலவே கட்டப்பட்டது. தொடக்கத்தில் 23 வீடுகள். ஒவ்வொன்றிலும் ஆறேழு பேர். தெருவும் சதுக்கமும் அங்காடியும் அரங்கமும் உண்டு. வளாகத்துக்குள் எவரும் தம் விருப்பப்படி நடமாடலாம், வெளி எல்லை மட்டுமே மூடப்பட்டது. அது ஒரு நாடகமேடை, முதியவர்களை ஏமாற்றுவது என்று விமர்சித்தவர்களும் உண்டு. எனக்கு அந்த விமர்சனம் முழுவதும் சரியாகப் படவில்லை. அங்காடியில் இருப்பவை உண்மையான பொருள்கள். அவற்றைக் கொண்டு அந்தந்த வீட்டில் உண்மையாகவே சமைக்கிறார்கள். இதற்கு நேரெதிரான பழைய நடைமுறையை நினைத்துப் பார்க்க வேண்டும். எழுந்து நடப்பவரை நாற்காலியோடு பட்டையால் கட்டுவதும், மயக்கமூட்டும் மருந்தால் அடக்குவதும் பல நாடுகளில் சாதாரணமாக இருந்தன. கட்டிவைப்பது விழுதலைத் தடுக்கும் என்று நம்பினார்கள். தசை மெலிவும் படுக்கைப்புண்ணும் பீதியும், கட்டிலிருந்து விடுபட முயன்று ஏற்படும் காயங்களும்தான் மிஞ்சின. அமெரிக்கா 1987-இல் சட்டம் இயற்றி, ஊழியரின் வசதிக்காகவோ தண்டனையாகவோ இவ்வாறு கட்டுப்படுத்துவதைத் தடைசெய்தது.

பத்துப் பேரும் ஒரு சமையலறையும்

பெரிய கட்டடத்துக்குள் சிறிய வீட்டின் வாழ்வைக் கொண்டுவருவது எவ்வளவு நல்ல நிர்வாகிக்கும் கடினம். ஐம்பது பேருக்கு ஒரே சமையலறை என்றால் சாப்பாட்டு நேரம் ஒன்றாகத்தான் இருக்க முடியும். அதே பில் தாமஸின் சிந்தனையில் பிறந்து, 2003-இல் அமெரிக்காவின் டுபெலோ நகரில் தொடங்கிய ‘கிரீன் ஹவுஸ்’ அமைப்பு இதைக் கட்டடத்திலேயே தீர்க்க முயன்றது. ஒரு வீட்டில் பத்துப் பன்னிரண்டு பேர். தனியறை, தனிக் குளியலறை. நடுவில் திறந்த சமையலறையும் ஒரு பெரிய மேசையும். ஒரே பராமரிப்பாளர் குளிப்பாட்டுவது, சமைப்பது, துவைப்பது, பேச்சுத்துணையாக இருப்பது என எல்லாவற்றையும் செய்கிறார். வேலைகளைத் துறைவாரியாகப் பிரித்தபோது முதியவரின் ஒரு நாளில் இருபது முகங்கள் வந்து போயின. இங்கே மூன்று நான்கு முகங்களே வருகின்றன. சமைக்கும்போதே பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் முகம் இன்று வாடியிருப்பதும், நேற்றைவிட மூச்சு வாங்குவதும் பராமரிப்பாளரின் கண்ணில் படுகின்றன. நோயை முன்கூட்டியே கண்டறிய இதைவிட நல்ல கருவி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

ஆகவே பராமரிப்பாளர்களைப் பற்றிப் பேசாமல் முழுமையைப் பற்றிப் பேச இயலாது. உலகின் பெரும்பாலான நாடுகளில் இது குறைந்த ஊதியத்துக்கு, பெரும்பாலும் பெண்களால், முதுகெலும்பு தேயச் செய்யப்படும் வேலை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆள் மாறிக்கொண்டிருக்கும் இல்லத்தில், எந்த மூதாட்டிக்கு வலப்பக்கம் திரும்பிப் படுத்தால்தான் உறக்கம் வரும் என்பது யாருக்கும் தெரியாது. தாம் யாரைக் குளிப்பாட்டுவது, எந்த நேரத்தில் என்பதில்கூடச் சொல்லுரிமை இல்லாத ஊழியரிடம், முதியவரின் விருப்பத்துக்கு இடம் கொடுங்கள் என்று கேட்பது பொருந்தாது. எட்டு மணிக்குள் அனைவரும் தயாராக வேண்டும் என்ற விதியைத் தளர்த்தினால் முதலில் மூச்சு விடுபவர் அவர்தான். இறந்தவருக்காக அழவும் அவருக்கு நேரம் வேண்டும். ஏழு ஆண்டுகள் தினமும் தலைவாரிவிட்ட ஒருவரின் கட்டில் மறுநாளே வேறொருவருக்கு ஒதுக்கப்படும்போது, எதுவும் நடக்காததுபோல் விரிப்பை மாற்றச் சொல்வது கொடுமை.

பாதுகாப்புக்கும் சுதந்திரத்துக்கும் இடையிலான இழுபறி இங்கே எப்போதும் இருக்கும். 2020-இல் கொரோனா பரவியபோது உலகெங்கும் இல்லங்களில் பார்வையாளர்கள் தடைசெய்யப்பட்டார்கள், அறைக்கதவுகள் மூடப்பட்டன. தொற்று இல்லங்களில் எவ்வளவு உயிர்களைக் குடித்தது என்பதைப் பார்த்தவர்கள் அந்த அச்சத்தைக் குறைசொல்ல மாட்டார்கள். ஆனால் கண்ணாடிக்கு அப்பால் நின்ற மகனைத் தொட முடியாமல், ஏன் வரவில்லை என்று கேட்டபடியே பலர் இறந்தார்கள். வாழ எஞ்சியிருக்கும் காலம் ஒரு வருடம் என்றால், அதில் ஆறு மாதத்தைப் பாதுகாப்புக்காகத் தனிமையில் கழிக்க வேண்டுமா என்பதை அவரிடமே கேட்டிருக்கலாம். பெரும்பாலான இடங்களில் கேட்கவில்லை.

கடைசி நாள்கள்

வலிதணிப்புச் சிகிச்சையை முறைப்படுத்தி, 1967-இல் லண்டனில் இறுதிநிலை நோயாளிகளுக்கான செயின்ட் கிறிஸ்டோஃபர் இல்லத்தை நிறுவிய சிசிலி சாண்டர்ஸ், ‘முழு வலி’ என்ற கருத்தைத் தந்தார். உடலின் வலியோடு மனத்தின் வேதனையும், குடும்பத்தைப் பற்றிய கவலையும், வாழ்வின் பொருளைப் பற்றிய தவிப்பும் சேர்ந்துதான் ஒருவருக்கு வலிக்கிறது என்றார் அவர். முழுமை என்ற சொல் இத்துறையில் மிகத் துல்லியமாகப் பயன்பட்ட இடம் இதுவே என்று சொல்லலாம். முதியோர் இல்லங்களில் இந்த அறிவு தாமதமாகவே நுழைகிறது. உணவு இறங்காத கடைசி வாரத்தில் மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்வதா, பழகிய அறையிலேயே வலி தெரியாமல் பார்த்துக்கொள்வதா என்பதை, பேசத் தெம்பு இருக்கும்போதே அவரிடம் பேசி எழுதி வைத்திருக்க வேண்டும். அந்தப் பேச்சைத் தொடங்கத் தயங்கும் இல்லத்தில் முடிவை எடுப்பது பெரும்பாலும் நள்ளிரவும் ஒரு தொலைபேசி அழைப்பும்தான்.

இறப்பை மறைப்பதும் பல இல்லங்களின் வழக்கம். பின்வாசல் வழியாக, மற்றவர்கள் உறங்கும் நேரத்தில் உடலைக் கொண்டுபோய்விடுவார்கள். காலையில் மேசையில் ஒரு நாற்காலி குறைந்திருக்கும். யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். தாமும் ஒருநாள் அப்படித்தான் சொல்லாமல் அகற்றப்படுவோம் என்பதை எஞ்சியிருப்பவர்கள் புரிந்துகொள்கிறார்கள். முன்வாசல் வழியாகவே எடுத்துச் சென்று, விரும்புகிறவர்கள் நடைகூடத்தில் நின்று விடைகொடுக்கச் செய்யும் இல்லங்கள் இருக்கின்றன. முதியவர்கள் தாங்கமாட்டார்கள் என்ற பயம் அங்கே பொய்த்துப்போகிறது. அவர்கள் தம் வாழ்வில் எத்தனையோ பேரை வழியனுப்பியவர்கள்.

ஓர் இல்லத்தைப் பார்க்கச் செல்பவர்கள் அலுவலகம் காட்டும் சுற்றுலாவோடு திரும்பிவிடாமல், பிற்பகல் நான்கு மணி வாக்கில், எந்த நிகழ்ச்சியும் இல்லாத ஒரு சாதாரண நாளில், பொதுக்கூடத்தில் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்க அனுமதி கேட்க வேண்டும். நாற்காலிகள் சுவரை ஒட்டி வரிசையாக இருக்கின்றனவா, ஒன்றையொன்று பார்த்து இருக்கின்றனவா என்று கவனியுங்கள். யாராவது மதியம் தாமதமாக எழுந்து வந்தால் அவருக்குச் சாப்பாடு கிடைக்கிறதா என்று பாருங்கள். குடியிருப்பவர் ஒருவரிடம், இங்கே உங்கள் பொறுப்பு என்ன என்று கேளுங்கள். மணி அடித்தால் எத்தனை நிமிடத்தில் ஆள் வருகிறார் என்று எண்ணுவதோடு, வந்தவர் வாசலில் நின்றபடியே பேசிவிட்டுப் போகிறாரா, நாற்காலியை இழுத்துப் போட்டுக் கட்டிலருகே உட்காருகிறாரா என்பதையும் பாருங்கள்.